ஊறுகாய் ஜாடிக்குப் பேய் மிளகாயா, சிலி பாடியா?

மலேசியாவின் பினாங்கு ஆயர் ஈத்தாமில், அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் இருந்தபடியே என் அக்கா எலுமிச்சை ஊறுகாயும் சம்பலும் செய்து கொடுக்கிறாள். அவளிடம் வழக்கமாக வாங்குபவர்களில் ஏழெட்டுப் பேர் ஒவ்வொரு முறையும் ஒரே பல்லவியைப் பாடுவார்கள்: "நன்றாக இருக்கிறது, ஆனால் காரம் போதவில்லை." உப்பு கூடிவிட்டது என்றால்கூட அக்கா பொறுத்துக்கொள்வாள், காரம் போதவில்லை என்ற சொல்லை அவளால் தாங்கவே முடியாது. சென்ற தீபாவளி முடிந்த கையோடு, அடுத்த தீபாவளிக்கு அந்த ஏழெட்டுப் பேருக்கென்றே தனி ஊறுகாய் போடுவது என்று தீர்மானித்துவிட்டாள். எந்த மிளகாயில் போடுவது என்பதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மாடத்தில் தொட்டிச் செடி வளர்ப்பவன் நான்தானே.

ஓராண்டு வளர்த்து, அரைத்து, தின்று பார்த்த பிறகு எழுதுகிறேன். கையில் இருந்த வழிகள் ஐந்து: நம் ஊர்ச் சந்தையில் எந்நாளும் கிடைக்கும் சிலி பாடி, கேரளத்தாரும் கன்னியாகுமரிப் பக்கத்தாரும் கொண்டாடும் காந்தாரி, மெக்சிகோவின் ஹபனேரோ, அசாம், நாகாலாந்து, மணிப்பூர் மலைகளின் பூத் ஜொலோக்கியா என்னும் பேய் மிளகாய், அமெரிக்காவில் உருவான கரோலினா ரீப்பர்.

ஆறாவது வழி ஒன்றும் இருந்தது. அதை முதலில் தள்ளிவிடுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மிளகாய்ச் சத்தைப் பிரித்தெடுத்து அடைத்த சிறு குப்பி ஒன்றை ஒரு கடையில் வாங்கி வந்தோம். ஆறு கிலோ எலுமிச்சைக்குச் சில சொட்டுகள்தான் விட்டோம். காரம் வந்தது, அதோடு மாத்திரையை மென்றது போன்ற கசப்பும் வந்தது. ஆறு கிலோவும் குப்பைக்குப் போயிற்று. அன்று அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. காரத்தை மட்டும் தனியே உரித்தெடுத்தால் அதற்குப் பழத்தின் வாசனை கிடையாது என்பதை அன்று கற்றுக்கொண்டோம். இந்தக் கட்டுரையில் நான் வாசனையைப் பற்றியே அதிகம் பேசப்போவதற்கும் அதுதான் காரணம்.

மிளகாய் என்றாலே எல்லாரும் ஸ்கோவில் எண்ணைக் கேட்கிறார்கள். வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தாளர் 1912-இல் வகுத்த அளவு அது. மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து, சுவைப்பவர்களின் நாக்குக்குக் காரம் தெரியாமல் போகும்வரை நீர்த்துக்கொண்டே போவார்கள். எத்தனை மடங்கு நீர்த்தார்களோ அதுதான் எண். இப்போது கருவி கொண்டு, காரத்தைத் தரும் கேப்சைசின் வகைப் பொருள்களின் அளவை நேராகவே கண்டுபிடித்து, அதை ஸ்கோவில் கணக்குக்கு மாற்றிச் சொல்கிறார்கள். சிலி பாடியும் காந்தாரியும் ஏறக்குறைய 50,000 முதல் 100,000 வரை. ஹபனேரோ 100,000 முதல் 350,000 வரை. பூத் ஜொலோக்கியா பத்து லட்சத்தை ஒட்டி நிற்கும். ரீப்பர் பதினைந்து லட்சத்தைத் தாண்டிவிடும். கலப்பில்லாத கேப்சைசின் ஒரு கோடியே அறுபது லட்சம். எவ்வளவு போட வேண்டும் என்பதற்கு இந்த எண் உதவும். எதைப் போட வேண்டும் என்பதற்கு உதவாது.

ரீப்பரை விரைவாகவே முடித்துவிடலாம். தென் கரோலினாவில் எட் கரி என்பவர் உருவாக்கிய இந்த வகை 2013-இல் கின்னஸ் சாதனைப் பட்டியலில் ஏறியது. 2023-இல் அவருடைய இன்னொரு மிளகாயே, 'பெப்பர் எக்ஸ்' என்ற பெயரில், 2,693,000 என்ற எண்ணோடு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒரு ரீப்பரை நறுக்கியபோது பழக்கூடையைத் திறந்தது போன்ற இனிய மணம் வந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த மணத்தை அனுபவிக்கும் அளவுக்குப் போட்டால் சோற்றைத் தொட முடியவில்லை. சோற்றைத் தொட முடிகிற அளவுக்குக் குறைத்தால் மணம் காணாமல் போகிறது. அமெரிக்காவில் போட்டி ஒன்றில் ஒரு ரீப்பரைத் தின்ற 34 வயது ஆடவருக்கு மூளை இரத்தக் குழாய்கள் சுருங்கி, இடி விழுந்தாற்போன்ற தலைவலி வந்த செய்தி 2018-இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. அவர் பின்னர் தேறிவிட்டார். இருந்தாலும் தீபாவளிக்கு வீட்டுக்கு வீடு போகும் ஊறுகாயில் அப்படிப்பட்ட பொருளுக்கு வேலை இல்லை.

காந்தாரியைத் தள்ளத்தான் மனம் வரவில்லை. எங்கள் மாடியில் வசிக்கும் மலையாள அம்மா ஒருவர் தந்த செடி அது. வெளிறிய தந்த நிறத்தில் சின்னஞ்சிறு காய்கள் வானத்தைப் பார்த்து நிற்கும். அவித்த மரவள்ளிக்கிழங்கு, அதற்குத் துணையாகச் சின்ன வெங்காயமும் உப்பும் தேங்காய் எண்ணெயும் சேர்த்து இடித்த காந்தாரிச் சம்மந்தி. இந்த இணைக்கு நிகரான மாலைச் சிற்றுண்டி எனக்குத் தெரியாது. ஜப்பானியர் ஆண்ட 1941 முதல் 1945 வரை மரவள்ளியைத் தின்றே உயிர் பிழைத்தவர்கள் நம் தாத்தா பாட்டிமார். எங்கள் அப்பாயி கடைசிவரை அந்தக் கிழங்கைத் தட்டில் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். காந்தாரிச் சம்மந்தியோடு கொடுத்திருந்தால் ஒருவேளை தொட்டிருப்பார் என்று எனக்கு ஓர் எண்ணம். போகட்டும். உப்புத் தயிரில் ஊறவைத்துக் காயவைக்கவும், வினிகரில் போட்டு வைக்கவும் காந்தாரி அருமையானது. ஆனால் காரத்தில் அது சிலி பாடிக்கு உடன்பிறப்புதான். காரம் போதவில்லை என்பவர்களுக்கு அதே அளவுக் காரத்தை வேறு நிறத்தில் கொடுத்து என்ன பயன்?

இனி சிலி பாடி. பாடி என்றால் மலாயில் நெல். நெல்மணி போலச் சிறுத்த மிளகாய் என்பதால் அந்தப் பெயர். ஊசி மிளகாய் என்று நம்மவர் சொல்வதும் இதைத்தான். "கெச்சில்-கெச்சில் சிலி பாடி" என்று மலாய்க்காரர்கள் சொல்லும் இடத்தில் நாம் "கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது" என்கிறோம். இந்த நாட்டில் இந்த மிளகாய் இல்லாத அடுப்பு இல்லை. நெகிரி செம்பிலானில் மஞ்சளும் தேங்காய்ப்பாலும் சேர்த்து இதை அரைத்து 'மாசாக் லெமாக் சிலி அப்பி' வைக்கிறார்கள். சீனர் கடையில் சோயா சாஸில் வட்ட வட்டமாக நறுக்கிப் போட்டுத் தருகிறார்கள். நம் வீட்டில் ரசத்துக்கும் கீறிப் போடுகிறோம், நெத்திலிப் பொரியலுக்கும் கிள்ளிப் போடுகிறோம்.

இதன் காரம் நாக்கின் நுனியில் சுரீரென்று ஏறும். சற்று நேரத்தில் இறங்கிவிடும். வாசனை பச்சைப் புல்லைக் கசக்கியது போல இருக்கும். அந்தப் பச்சை வாசனைதான் இதன் உயிர். அம்மியிலோ கல்லுரலிலோ உடனே இடித்து, சுட்ட பெலாச்சான் என்னும் இறால் விழுதையும் சேர்த்து நசுக்கி, லிமாவ் கஸ்தூரி என்னும் சிறு எலுமிச்சை ஒன்றைப் பிழிந்து அப்போதே பரிமாறும் சம்பலில் இதை வெல்ல எந்த மிளகாயும் இல்லை. அக்கா பூத் ஜொலோக்கியாவைக் கொண்டு ஒரு முறை சம்பல் பெலாச்சான் இடித்துப் பார்த்தாள். மிளகாயின் பழ வாசனையும் பெலாச்சானின் கடல் வாசனையும் ஒன்றோடு ஒன்று சண்டை போட்டன. காரம் மட்டும் மிஞ்சியது. சம்பலைப் பொறுத்தவரை வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

ஊறுகாயில் கதை வேறு. உப்பிலும் புளிப்பிலும் இரண்டு வாரம் கிடந்தால் சிலி பாடியின் பச்சை வாசனை அடங்கிப்போகிறது. அரைக் கிலோ எலுமிச்சைக்கு ஐம்பது கிராம் போட்டோம். முதல் நாள் கூர்மையாக இருந்தது, இருபதாம் நாள் மொட்டையாக இருந்தது. காரத்தைக் கூட்ட வேண்டும் என்று இன்னும் ஐம்பது கிராம் போட்டால் தோலும் விதையுமாக ஜாடி நிறைந்து, எலுமிச்சை ஊறுகாய் மிளகாய் ஊறுகாயாகிவிடுகிறது. காரம் வேண்டும், ஆனால் பண்டம் கூடக் கூடாது என்ற இடத்தில்தான் வீரியமான மிளகாய்க்குத் தேவை பிறக்கிறது.

பூத் ஜொலோக்கியாவை நாகா மிளகாய், பேய் மிளகாய் என்றெல்லாம் அழைக்கிறார்கள். மணிப்பூரில் அதன் பெயர் ஊ-மொரோக். வங்கதேசத்தின் சில்ஹெட் பக்கம் இதன் நெருங்கிய உறவை நாகா மொரிச் என்பார்கள். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பால் போஸ்லாண்ட் அளந்து சொன்ன 1,001,304 என்ற எண்ணை வைத்து, 2007-இல் கின்னஸ் இதை உலகின் மிகக் காரமான மிளகாய் என்று அறிவித்தது. 2011-இலேயே அந்தப் பட்டத்தை வேறு மிளகாய்கள் பறித்துக்கொண்டன. ஆனால் பட்டத்துக்காகப் பிறந்த மிளகாய் அல்ல இது. அந்த மலைவாழ் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சோற்றோடு உண்டுவந்த பயிர். நாகாலாந்தின் நாகா மிளகாய்க்கு 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. யானைகள் வயலுக்குள் இறங்காதபடி வேலிக் கயிற்றில் இதை அரைத்துப் பூசும் வழக்கமும் அசாமில் உண்டு.

அவர்கள் இதை எப்படிச் சமைக்கிறார்கள் என்று பார்த்தபோதுதான் எனக்கு வழி புலப்பட்டது. நாகாலாந்தில் புகையூட்டிய பன்றி இறைச்சியோடும் புளித்த மூங்கில் குருத்தோடும், ஆக்கூனி என்னும் புளித்த சோயாவோடும் சேர்க்கிறார்கள். மணிப்பூரின் எரோம்பாவில், அவித்துப் பிசைந்த காய்கறியோடும் ஙாரி என்னும் புளித்த மீனோடும் சேர்கிறது. அசாமில் கடுகெண்ணெயில் ஊறுகாய் போடுகிறார்கள். எல்லா இடத்திலும் மூன்று பொருள்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: கொழுப்பு, புளிப்பு, அழுத்தமான வாடை. கேப்சைசின் தண்ணீரில் எளிதில் கரையாது. எண்ணெயிலும் கொழுப்பிலும் கரையும். எனவே எண்ணெய் ஊறுகாய்க்குள் போட்ட காரம் ஒரே துண்டில் தங்கிவிடாமல் ஜாடி முழுவதும் சீராகப் பரவுகிறது. எங்கள் ஜாடியில் பத்து நாள் கழித்து மேலே மிதந்த நல்லெண்ணெயைத் தொட்டு நக்கினேன். எலுமிச்சைத் துண்டு எந்த அளவு காரமாக இருந்ததோ அதே அளவு எண்ணெயும் இருந்தது.

இதன் காரம் வருகிற விதமே தனி. வாயில் வைத்ததும் ஒன்றும் தெரியாது. இனிப்பும் கொஞ்சம் புகையும் கலந்த பழ மணம்தான் முதலில் வரும். "இவ்வளவுதானா?" என்று இரண்டாம் கவளத்துக்குக் கை போகும் நேரத்தில் தொண்டையில் தொடங்கி மெல்ல மேலே ஏறும். பத்து நிமிடம் இறங்காது. ஆகவே ருசி பார்ப்பவர் ஒரு துளி தொட்டுவிட்டு ஒரு நிமிடமாவது காத்திருக்க வேண்டும். தண்ணீர் குடித்துப் பயனில்லை. பால், தயிர், மோர் குடித்தால் அடங்கும். பாலில் உள்ள கேசின் என்ற புரதம் கேப்சைசினைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. மோர் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள இந்த ஊறுகாய் இவ்வளவு பொருந்துவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அரைக் கிலோ எலுமிச்சைக்கு நாங்கள் போட்டது நன்றாகப் பழுத்த ஒன்றரைப் பழம். எடைக்கு எடை பார்த்தால் சிலி பாடியைப் போலப் பத்து மடங்குக்கு மேல் காரம். போதாததற்கு ஒரு பழமே பல சிலி பாடிகளின் எடை. பண்டம் கூடவில்லை, நிறம் மாறவில்லை, எலுமிச்சை எலுமிச்சையாகவே இருந்தது. மூன்றாம் வாரத்தில் பழ மணம் எலுமிச்சைத் தோலின் மணத்தோடு இழைந்து, எது எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. கருவாட்டுக் குழம்பிலும் சோதித்தேன். முழுப் பழத்தில் ஒரு கீறல் மட்டும் போட்டு, கொதிக்கும் குழம்பில் பத்து நிமிடம் மிதக்கவிட்டு, உடையாமல் எடுத்துவிட்டேன். தெங்கிரி என்னும் வஞ்சிரக் கருவாட்டுக்கு இப்படியொரு வாசனை வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

கையாளுவதில் கவனம் தேவை. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். மெல்லிய ரப்பர் கையுறை இல்லாமல் தொடவே கூடாது. கையில் பட்டுவிட்டால் முதலில் சமையல் எண்ணெயைத் தடவித் துடைத்து, பிறகு பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சாதாரண மிளகாயில் காரம் பெரும்பாலும் விதையைத் தாங்கும் வெள்ளைத் தண்டில்தான் இருக்கிறது. விதையில் காரம் என்று நாம் நினைப்பது அந்தத் தண்டு ஒட்டிக்கொண்டு வருவதால்தான். சிலி பாடியில் அதைச் சுரண்டி எடுத்தால் காரம் வெகுவாகக் குறையும். பூத் ஜொலோக்கியா போன்ற மிகக் காரமான வகைகளில் சதைச் சுவரின் உட்புறத்திலும் காரச் சுரப்பு இருக்கிறது. எவ்வளவு சுரண்டினாலும் தப்ப முடியாது. சூடான எண்ணெயில் இதைத் தாளிக்கவும் வேண்டாம். நான் ஒரு முறை செய்தேன். தாழ்வாரத்தில் நான்கு வீட்டுக்காரர்கள் இருமிக்கொண்டே கதவைத் திறந்தார்கள்; வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். கடுகு, வெந்தயம், பெருங்காயம் எல்லாவற்றையும் தாளித்து, எண்ணெய் நன்றாக ஆறிய பிறகுதான் அரைத்த மிளகாயைச் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று. பச்சை மிளகாயையும் பூண்டையும் வெறும் எண்ணெயில் மூழ்கவிட்டு அடுப்படி அலமாரியில் வைப்பது ஆபத்து. காற்றுப் புகாத, புளிப்பில்லாத எண்ணெய்க்குள் பொட்டுலிசம் என்னும் கொடிய நோயை உண்டாக்கும் கிருமி வளரலாம். எலுமிச்சைச் சாறோ வினிகரோ தாராளமாகச் சேர்ந்து, புளிப்பு அளவு பி.எச். 4.6-க்குக் கீழே இருக்க வேண்டும். எலுமிச்சை ஊறுகாயில் அந்தக் கவலை பெரிதாக இல்லை. மிளகாய் எண்ணெய் மட்டும் தனியாகச் செய்ய நினைப்பவர்கள் நன்றாகக் காய்ந்த மிளகாயையே எடுக்க வேண்டும்.

ஹபனேரோவுக்கு வருகிறேன். நியாயமாகப் பார்த்தால் இது நல்ல நடுவழி. நாகாவின் பழ மணத்தில் முக்கால் பங்கு, காரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மாங்காய், அன்னாசி சேர்ந்த பச்சடிக்கும், பழ அச்சாருக்கும் இதையே சொல்வேன். காரம் அதிகம் தின்று பழகாத வீட்டில் முதன்முதலாகப் பரிசோதிக்கவும் இதுதான் ஏற்றது. எலுமிச்சை ஊறுகாயில் மூன்று பழம் போட்ட ஜாடி ருசியாகவே இருந்தது. ஆனால் அக்காவின் அந்த வாடிக்கையாளர்களில் ஒருவரை, ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநரை, அழைத்து மூன்று ஜாடியையும் வைத்தோம். ஹபனேரோவைத் தொட்டுவிட்டு, "வாசனை புதிதாக இருக்கிறது, காரம் பழையதுதான்" என்றார். நாகாவைத் தொட்டுவிட்டு ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.

வளர்ப்பதிலும் வேறுபாடு உண்டு. சிலி பாடியை வளர்க்கவே வேண்டாம். மைனா தின்றுவிட்டுப் போட்ட எச்சத்திலேயே முளைக்கும். பறவைகளுக்குக் காரம் உறைப்பதில்லை. பூத் ஜொலோக்கியா முளைவிட எனக்குப் பதினெட்டு நாள் ஆயிற்று, முதல் பழம் சிவக்க ஐந்து மாதத்துக்கு மேல். அடைமழையில் பூவெல்லாம் உதிர்ந்தது. இலைப்பேன் வந்து குருத்து சுருண்டது. வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்துக் காப்பாற்றினேன். மழை நேரடியாக விழாத, காலை வெயில் நான்கைந்து மணி நேரம் படும் மாடமாக இருந்தால் நல்லது. பக்கத்தில் வேறு மிளகாய் இருந்தால் காரம் கலந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். மகரந்தம் கலந்தாலும் இந்தச் செடியின் பழம் மாறாது. அதன் விதையிலிருந்து வரும் அடுத்த செடிதான் மாறும். விதை எடுத்து வைக்கிறவர்கள் ஒரு பூவைத் துணிப்பையில் கட்டிவைத்தால் போதும்.

செடி வளர்க்க இடமில்லாதவர்கள், வங்கதேசத்தார் நடத்தும் மளிகைக் கடைகளில் நாகா மொரிச் போட்ட பாட்டில் ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். அதில் ஒரு தேக்கரண்டி எடுத்து நம் ஊறுகாயில் கலந்தாலே வேறுபாடு தெரியும். பெயர் எழுதாத காய்ந்த பொடியை மட்டும் வாங்க வேண்டாம். அதில் என்ன கலந்திருக்கிறது என்பதை நாக்கு கண்டுபிடிக்கும்போது ஊறுகாய் வீணாகியிருக்கும்.

அக்காவின் முடிவு இதுதான். சம்பல் முழுவதும் சிலி பாடியில், கேட்ட அன்றே இடித்துத் தருவது. வழக்கமான ஊறுகாய் எப்போதும்போல் காய்ந்த மிளகாய்த் தூளில். தீபாவளிக்குப் பன்னிரண்டு சிறு ஜாடிகள் மட்டும் பூத் ஜொலோக்கியாவில். ஜாடி சிறியதாக இருக்க வேண்டும் என்பதில் அவள் பிடிவாதமாக இருக்கிறாள். பெரிய ஜாடி கொடுத்தால் பெரிய கரண்டி போடுவார்களாம். மூடியில் சிவப்புப் பொட்டும், குழந்தைகளுக்கும் வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கும் கொடுக்க வேண்டாம் என்று கையால் எழுதிய சீட்டும் ஒட்டுகிறாள். ஒவ்வொரு ஜாடியோடும் கால் தேக்கரண்டி அளவுள்ள மரக்கரண்டி ஒன்று போகும். ஹபனேரோச் செடியைக் காந்தாரி கொடுத்த அம்மாவுக்கே பதிலுக்குக் கொடுத்துவிட்டோம். ரீப்பர்ச் செடியைப் பிடுங்கியாயிற்று. அந்தத் தொட்டியில் நேற்று இன்னும் ஆறு நாகா விதைகளை ஊன்றியிருக்கிறேன்.